வந்தவர்கள் எழுப்பிய கூடம்

ஒரு நகரத்தில் நெடுநாள் வாழ்வது வேறு. அந்நகரத்தை அறிவது வேறு. பிழைப்பை நாடிப் பிற மாநிலங்களில் குடியேறிய நம்மைப் போன்றோர்க்கு முதலில் அறிமுகமாவன அலுவலகமும், ரேஷன் கடையும், பிள்ளைகளின் பள்ளியும், ஊருக்குப் புறப்படும் இரயில் நிற்கும் நடைமேடையுமே ஆகும். அவற்றிற்குப் பின் தமிழ் பேசும் மளிகைக்கடைக்காரர், முருகன் கோயில், நம் சங்கம். இவற்றை அறிந்தபின் ஊரையே அறிந்துவிட்டதாக மனம் நிறைவு கொள்கிறது. லால்பாகையும் விதான சௌதாவையும் விருந்தினர் வரும்பொழுது காட்டிவிடுகிறோம். ஆனால் ஒரு நகரத்தின் பெயரை உலகம் எதனால் அறிந்திருக்கிறதோ, அதைப் பற்றி அந்நகரத்தார் பேசுவது அரிதாகவே இருக்கிறது.

பெங்களூரில் மல்லேசுவரத்திற்கு வடக்கே, யஷ்வந்தபுரத்திற்குக் கிழக்கே, மரங்கள் அடர்ந்த நீண்ட மதில் ஒன்று செல்கிறது. பேருந்து நடத்துநர்கள் அந்நிறுத்தத்தை இன்றும் ‘டாடா இன்ஸ்டிட்யூட்’ என்றே கூவி அழைக்கிறார்கள். ஏடுகளில் அதன் பெயர் இந்திய அறிவியல் கழகம். 1909-ஆம் ஆண்டில் சட்டப்படி உருப்பெற்று, 1911-இல் மாணவர்களைச் சேர்த்து, 1958-இல் பல்கலைக்கழகத்திற்கு நிகரான நிறுவனம் என்னும் தகுதியைப் பெற்ற நாட்டின் தலைசிறந்த ஆராய்ச்சிக் கூடம் அது. இவ்வாண்டு எங்கள் இல்லத்தில் ஒரு மாத காலம் அக்கழகத்தைப் பற்றியே பேச்சு நடந்தது. அப்பேச்சின் பயனாக நாங்கள் தேடிப் படித்தவற்றையும் எண்ணிப் பார்த்தவற்றையும் சங்கத்து அன்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கழகத்தின் கதை பம்பாயில் தொடங்குகிறது. குஜராத்தின் நவசாரியில் 1839-இல் பிறந்த ஜாம்ஷெட்ஜி நசர்வான்ஜி டாடா, பஞ்சாலைத் தொழிலில் பெரும்பொருள் ஈட்டியவர். 1893-இல் ஜப்பானிலிருந்து வட அமெரிக்கா சென்ற கப்பலில் அவரும் சுவாமி விவேகானந்தரும் ஒன்றாகப் பயணம் செய்தனர். சுவாமிகள் சிகாகோவின் சர்வசமயப் பேரவைக்குச் சென்றுகொண்டிருந்த காலம் அது. அப்பயணத்தின் உரையாடல்களை நினைவுகூர்ந்து, 1898 நவம்பரில் டாடா சுவாமிகளுக்கு ஒரு கடிதம் எழுதினார். இந்தியாவில் அறிவியல் ஆராய்ச்சிக்கென ஒரு நிறுவனம் அமைக்கும் தம் திட்டத்தை அதில் கூறி, அதற்குச் சுவாமிகளின் ஆதரவை வேண்டினார். அத்திட்டத்திற்காக அவர் ஒதுக்கிய சொத்து, அக்கால மதிப்பில் 30 லட்சம் ரூபாய். அவருடைய நண்பர் பர்ஜோர்ஜி பாட்ஷா மேலைநாட்டுப் பல்கலைக்கழகங்களைச் சுற்றிப் பார்த்து வந்து திட்டத்திற்கு உருவம் தந்தார்.

1898 டிசம்பர் 31-ஆம் நாள், வைசிராயாகப் பொறுப்பேற்கப் பம்பாயில் வந்திறங்கியிருந்த கர்சன் பிரபுவிடம் திட்டம் அளிக்கப்பட்டது. கர்சன் இரண்டு ஐயங்களை எழுப்பினார். இத்துணை உயர்ந்த படிப்பிற்கு ஏற்ற மாணவர்கள் இந்நாட்டில் கிடைப்பார்களா என்பது ஒன்று. படித்து முடித்தபின் அவர்களுக்கு வேலை எங்கே இருக்கிறது என்பது மற்றொன்று. முதல் ஐயத்தைக் காலம் தீர்த்துவிட்டது. இரண்டாவது ஐயமோ இன்றும் நம் வீட்டுக் கூடங்களில் உயிரோடு இருக்கிறது. எங்கள் வீட்டில் ஒரு மாத காலம் நடந்த பேச்சும் அதைப் பற்றியதே.

அரசின் கோரிக்கைக்கிணங்க 1900-ஆம் ஆண்டில் இந்தியாவிற்கு வந்து பல ஊர்களைப் பார்வையிட்ட புகழ்பெற்ற வேதியியல் அறிஞர் வில்லியம் ராம்சே, நிறுவனம் அமைவதற்குப் பெங்களூரே தக்க இடம் என்று பரிந்துரைத்தார். அப்பொழுது மைசூர் சமஸ்தானத்தின் திவானாக இருந்தவர் சர் கே. சேஷாத்ரி ஐயர். பாலக்காட்டுப் பகுதியிலிருந்து வந்து, 1883 முதல் 1901 வரை திவான் பதவி வகித்தவர். இளைய மகாராஜாவிற்காக அவருடைய அன்னையார் ஆட்சிப் பொறுப்பை நடத்திவந்த காலம் அது. நிலமும் பொருளும் தருவதாக மைசூர் முன்வந்தது. ஆயினும் சிம்லாவிற்கும் பம்பாய்க்கும் இலண்டனுக்கும் இடையே கோப்புகள் நடைபயின்றன. அரசாங்க அலுவலகத்தில் வாழ்நாளைக் கழிக்கும் எங்களுக்கு அந்நடையின் வேகம் புதிதன்று. டாடா 1904 மே மாதத்தில் ஜெர்மனியில் காலமானார். தாம் கனவு கண்ட கூடத்திற்கு ஒரு செங்கல்லேனும் வைக்கப்பட்டதை அவர் காணவில்லை.

அவருடைய மக்கள் தோராப்ஜியும் ரத்தன்ஜியும் தந்தையின் கொடையைத் திரும்பப் பெறவில்லை என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். கொடுப்பதாகச் சொன்னவர் மறைந்த பின்னும் சொல் மாறாமல் நின்றது. 1907-இல் மைசூர் அரசு 371 ஏக்கர் நிலத்தை வழங்கியது. கட்டடத்திற்கென 5 லட்சம் ரூபாயும், ஆண்டுதோறும் 50,000 ரூபாயும் அளிக்க ஒப்பியது. 1911 பிப்ரவரி முதல் நாளன்று மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையார் அடிக்கல் நாட்டினார். அவ்வாண்டு ஜூலை 24-ஆம் நாள் முதல் மாணவர்கள் சேர்க்கப்பட்டனர். முதலில் இயங்கியவை வேதியியல் துறையும் மின்னியல் தொழில்நுட்பத் துறையும். முதல் இயக்குநர் மாரிஸ் டிராவர்ஸ், ராம்சேயுடன் சேர்ந்து நியான், கிரிப்டான், செனான் என்னும் வாயுக்களைக் கண்டறிந்தவர்.

இவ்வரலாற்றைப் படிக்கும்பொழுது எங்கள் கருத்தை ஈர்த்த செய்தி ஒன்றுண்டு. பொருளைத் தந்தவர் நவசாரியில் பிறந்து பம்பாயில் வாழ்ந்த பார்சி. இடத்தைச் சுட்டிக்காட்டியவர் ஸ்காட்லாந்துக்காரர். ஆதரவளித்த திவான் பாலக்காட்டிலிருந்து வந்தவர். முதல் இயக்குநர் ஆங்கிலேயர். பிற்காலத்தில் இதற்குப் புகழ் சேர்த்த இயக்குநர்களுள் ஒருவர் திருச்சிராப்பள்ளிக்காரர். மற்றொருவர் ஸ்ரீநகரில் பிறந்தவர். எங்கள் குடியிருப்புக்கு அருகில் வாழ்ந்த முதிய கொத்தனார் ஒருவர், தாம் இளைஞராக இருந்தபொழுது வட ஆர்க்காட்டிலிருந்து வந்து அம்மதிலுக்குள் விடுதிச் சுவர்கள் எழுப்பியதாகக் கூறுவார். ஆகவே இது வந்தவர்கள் எழுப்பிய கூடம். ஆனால் வந்தவர்கள் காலூன்றிய நிலம் இம்மண்ணின் மக்களுடையது. கொடுத்தவர் மைசூர் மன்னர். வேற்று மொழி பேசும் மண்ணில் வாழும் நாம், இவ்விரண்டு உண்மைகளையும் சேர்த்தே நினைவிற்கொள்ளுதல் நன்று. உழைப்பும் அறிவும் வந்தவர்களுடையன என்று பெருமை பேசும் வாய், இடங்கொடுத்தவர்களின் பெருந்தன்மையையும் பேச வேண்டும்.

ஆராய்ச்சி என்றவுடன் அது நம் வாழ்வோடு தொடர்பற்றது என்று எண்ணுவோர் பலர். அவர்களுக்கு நாங்கள் சொல்லக்கூடிய எளிய சான்று, நம் குளியலறையில் இருக்கும் சோப்பு. முதல் உலகப்போருக்கு முன்னர் மைசூர்க் காடுகளின் சந்தனக் கட்டை பெரும்பாலும் ஜெர்மனிக்குச் சென்று, அங்கே எண்ணெயாக வடிக்கப்பட்டது. 1914-இல் போர் மூண்டதும் அவ்வாணிகம் நின்றது. கட்டைகள் விலைபோகாமல் தேங்கின. அப்பொழுது கழகத்தின் வேதியியல் பேராசிரியர் சட்பரோவும் அவருடன் பணியாற்றிய வாட்சனும் சந்தனத் தைலத்தை இங்கேயே வடிக்கும் முறையை ஆராய்ந்து வகுத்தனர். அதன் பயனாக 1916-இல் பெங்களூரில் அரசின் சந்தன எண்ணெய்த் தொழிற்சாலை எழுந்தது. அதைத் தொடர்ந்து மைசூர் சாண்டல் சோப்பு பிறந்தது. இன்று யஷ்வந்தபுரத்தை அடுத்த மெட்ரோ நிலையத்தின் பெயரே ‘சாண்டல் சோப் பேக்டரி’ என்பதாகும். ஊருக்குச் செல்லும்பொழுது உறவினர்களுக்கென்று பெட்டியில் அடுக்கிச் செல்லும் அந்த முட்டை வடிவச் சோப்பின் பின்னால், சோதனைச்சாலையில் கண்விழித்தவர்களின் உழைப்பு இருக்கிறது. காட்டில் விளைந்த பொருள் நாட்டிலேயே தொழிலாக வேண்டும் என்று டாடா விரும்பினார். அவ்விருப்பம் கழகம் தோன்றிய சில ஆண்டுகளுக்குள்ளேயே கைகூடியதற்கு இதுவே எடுத்துக்காட்டு.

இனி, மத்திய அரசின் எழுத்தர்களாகிய எங்களுக்குத் தனிப்பட்ட உரிமை உள்ள ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சர் சி.வி. இராமனை நோபல் பரிசு பெற்ற அறிஞராக உலகம் அறியும். அவர் எங்கள் இனத்தவர் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். 1907-இல் நிதித்துறைத் தேர்வில் வெற்றி பெற்று, பதினெட்டு வயதில் கல்கத்தாவில் துணைக் கணக்காயராகப் பணியேற்றவர் அவர். காலையில் அலுவலகம் செல்லுமுன்பும், மாலையில் அலுவலகம் விட்ட பின்பும் பௌபஜார் தெருவிலிருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் சோதனைச்சாலையில் அவர் ஆராய்ச்சி செய்தார். பத்து ஆண்டுகள் இவ்வாறு கழிந்தன. 1917-இல் கல்கத்தாப் பல்கலைக்கழகம் பேராசிரியர் பதவியை அளித்தபொழுது, கூடுதல் ஊதியமும் ஓய்வூதிய உறுதியும் உடைய அரசுப் பதவியை விட்டுவிட்டுக் குறைந்த ஊதியமுள்ள அப்பணியை ஏற்றார். அகவிலைப்படி உயர்வை எதிர்நோக்கி மாதந்தோறும் நாட்காட்டியைப் பார்க்கும் எங்களுக்கு, அம்முடிவின் கனம் நன்கு விளங்குகிறது.

1933-இல் இராமன் பெங்களூர்க் கழகத்தின் இயக்குநரானார். இந்தியர் ஒருவர் அப்பதவியை ஏற்றது அதுவே முதன்முறை. இயற்பியல் துறை அவரால் தோன்றியது. எனினும் நிர்வாக மன்றத்தோடு ஏற்பட்ட கருத்து வேறுபாட்டால் 1937-இல் இயக்குநர் பதவியை விட்டு, 1948 வரை பேராசிரியராக மட்டும் பணியாற்றினார். ஹோமி பாபா 1939-இல் இங்கே வந்து சேர்ந்தார். விக்ரம் சாராபாயும் போர்க்காலத்தில் இங்கே ஆராய்ச்சி செய்தார். 1945-இல் தொடங்கப்பட்ட டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் முதற் சில மாதங்கள் இவ்வளாகத்திலேயே கழிந்தன. நாட்டின் அணு ஆராய்ச்சியையும் விண்வெளி ஆராய்ச்சியையும் பின்னாளில் தோற்றுவித்த இருவரும் இம்மரங்களின் நிழலில் நடந்தவர்களே.

பெருமையை மட்டுமே எழுதினால் வரலாறு ஆகாது. பெண்ணைப் பெற்றவர்கள் என்ற முறையில் நாங்கள் மறைக்க விரும்பாத செய்தி ஒன்றுண்டு. பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் முதன்மையாகத் தேறிய கமலா பாகவத் என்னும் இளம்பெண் 1933-இல் இங்கே ஆராய்ச்சி செய்ய விண்ணப்பித்தார். பெண் என்பதனால் அவரைச் சேர்த்துக்கொள்ள இராமன் மறுத்தார். அப்பெண் பெங்களூருக்கே வந்து, மறுப்பிற்குக் காரணம் கேட்டு, அகலாமல் நின்றார். இறுதியில் ஓராண்டு சோதனைக் காலம் என்னும் நிபந்தனையோடு இடம் கிடைத்தது. அவர் தம் திறமையை நிலைநாட்டிய பின்னரே பெண்களுக்குக் கதவு திறந்தது. கமலா சொஹோனி என்று பிற்காலத்தில் அறியப்பட்ட அவர், கேம்பிரிட்ஜில் 1939-இல் டாக்டர் பட்டம் பெற்றுத் திரும்பிப் பருப்பு வகைகள், பால், நீரா ஆகியவற்றின் சத்துக்களை ஆராய்ந்தார். பேரறிஞர்க்கும் காலத்தின் குறை உண்டு என்பதையும், அக்குறையை நிமிர்ந்து நின்ற ஒரு பெண்ணால் திருத்த முடிந்தது என்பதையும் நம் பெண்மக்கள் அறிய வேண்டும்.

இங்கே எங்கள் இல்லத்துச் செய்திக்கு வருகிறோம். எங்கள் மூத்த மகள் பி.எஸ்ஸி. உயிரியல் படித்து முடித்தாள். கல்லூரிக்கு ஆள் எடுக்க வந்த நிறுவனம் ஒன்று அவளுக்கு வேலை தர முன்வந்தது. அதன் தொடக்க ஊதியம், இருபத்தைந்து ஆண்டுகள் பணியாற்றிய எங்களுடைய ஊதியத்திற்கு மிகவும் பின்தங்கியதன்று. அதே மாதத்தில், அவள் எழுதியிருந்த நுழைவுத் தேர்வின் பயனாக, அறிவியல் கழகத்தில் ஒருங்கிணைந்த டாக்டர் பட்டப் படிப்பிற்கு இடம் கிடைத்தது. ஆறேழு ஆண்டுகள் நீளும் படிப்பு அது. உதவித்தொகை உண்டு, ஆனால் வேலையின் ஊதியத்தோடு அதை ஒப்பிட முடியாது. வீட்டுக்கடன் இன்னும் முடியவில்லை. இளையவன் உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறான். சிவகங்கைச் சீமையிலிருந்து வந்து எங்களோடு இருக்கும் அன்னையாரின் மருத்துவச் செலவும் உண்டு. முடிவு எடுக்க எங்களுக்கு இருந்த அவகாசம் நான்கு வாரம்.

அன்னையார் முதல் நாளே வினவினார்: “இருபத்தொரு வயசாச்சு. இன்னும் ஏழு வருசம் படிச்சா, எப்பத்தா சம்பாதிக்கிறது? எப்பக் கல்யாணம் காச்சி பாக்குறது?”

“அப்பத்தா, அங்கே படிக்கிறதுக்கு அவங்களே மாசாமாசம் பணம் குடுப்பாங்க” என்றாள் மகள்.

“படிக்கிறதுக்குப் பணமா? அப்ப அதை வேலையின்னே சொல்லு. படிப்புன்னு ஏன் சொல்றே?”

எழுத்தறிவு மிகுதியும் இல்லாத அம்மூதாட்டியின் வினாவில் ஓர் உண்மை இருந்தது. அக்கழகத்தில் நடைபெறுவது வெறும் படிப்பன்று. மற்றக் கல்லூரிகளில், உலகம் முன்பே அறிந்தவற்றை மாணவன் அறிந்துகொள்கிறான். இங்கேயோ, உலகம் இதுவரை அறியாத ஒன்றைச் சிறிதளவேனும் அறிந்து சொன்னால்தான் பட்டம். முதலில் சில பாடங்கள், பின்னர் விரிவான தேர்வு, அதன்பின் ஒரு பேராசிரியரின் வழிகாட்டுதலில் பல ஆண்டு ஆராய்ச்சி, முடிவில் ஆய்வேடு. அவ்வேட்டைப் பிற நிறுவனங்களின் அறிஞர்கள் மதிப்பிடுவர். வாய்மொழித் தேர்வில் ஆய்வாளர் அதற்கு விடை கூற வேண்டும். எங்கள் அலுவலகத்தில் வினா மேலிருந்து வரும்; முன்னுதாரணத்தைத் தேடி விடை எழுதினால் போதும். முன்னுதாரணம் இல்லாத வினாவைத் தானே கண்டுபிடித்து, அதற்குத் தானே விடை தேடுவது எத்துணைக் கடினமான பணி என்பதை, ஆயிரம் கோப்புகளைக் கட்டி அவிழ்த்த கைகள் அறியும்.

மகள் ஓர் இரவு எங்களை அமரவைத்து, தான் எதைப் படிக்க விரும்புகிறாள் என்பதை விளக்கினாள். நம் உடலிலுள்ள புரதங்கள் நீண்ட சங்கிலிகளைப் போன்றவை. சங்கிலியின் ஒவ்வோர் இணைப்பிலும் கதவுக் கீலைப் போன்று திரும்பக்கூடிய இரண்டு இடங்கள் உண்டு. குறுகிய சமையலறையில் இரண்டு அலமாரிக் கதவுகளை விரும்பியவாறெல்லாம் திறக்க முடியாது. ஒன்றை ஒன்று இடிக்கும். அதுபோலவே அணுக்களும் ஒன்றையொன்று இடிக்காத கோணங்களில் மட்டுமே சங்கிலி திரும்ப இயலும். எக்கோணங்கள் இயலும், எவை இயலா என்பதை ஒரு கட்டம் போட்ட தாளில் வரைந்து காட்டியவர் ஜி.என். இராமச்சந்திரன். பெங்களூர்க் கழகத்தில் இராமனின் மாணவராக இருந்தவர். பின்னர்ச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் கிண்டி வளாகத்தில் இருந்துகொண்டு, சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் 1963-இல் அவ்வரைபடத்தை வெளியிட்டார். அதன்பின் பெங்களூருக்குத் திரும்பி, கழகத்தில் மூலக்கூறு உயிர் இயற்பியல் பிரிவைத் தோற்றுவித்தார். உலகில் எங்கே ஒரு புரதத்தின் வடிவம் புதிதாகக் கண்டறியப்பட்டாலும், அது சரிதானா என்று இன்றும் இராமச்சந்திரன் வரைபடத்தோடு ஒப்பிட்டே பார்க்கிறார்கள். சென்னைக்கும் பெங்களூருக்கும் இடையே இரயிலேறி இறங்கும் நம்மவர் வாழ்க்கைப் பாதையிலேயே அந்த அறிவும் பயணம் செய்திருக்கிறது என்று எண்ணியபொழுது எங்களுக்கு வியப்பாக இருந்தது.

ஆயினும் பெருமையால் கடன் தவணை கட்ட முடியாது என்பதும் உண்மையே. இல்லத்தரசியார் வரவையும் செலவையும் நான்கு முறை கூட்டிப் பார்த்தார். மகள் வேலைக்குச் சென்றால் நான்கு ஆண்டுகளில் கடன் தீரும்; செல்லாவிட்டால் ஓய்வு பெறும் வரை அது தொடரும். அலுவலக நண்பர்கள் இரு கட்சியாகப் பிரிந்தனர். வேலையை ஏற்றுப் பிறகு படிக்கலாமே என்றார் ஒருவர். டாக்டர் பட்டம் பெற்றும் நிலையான பணி கிடைக்காமல் தற்காலிகப் பணிகளில் காலந்தள்ளும் இளைஞரைத் தாம் அறிவதாகச் சொன்னார் மற்றொருவர். அவர் கூறியது பொய்யன்று. கர்சன் கேட்ட அதே வினா நூற்றிருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின்னும் மறையவில்லை.

இவ்வினாவிற்குக் கழகத்தின் வரலாற்றிலேயே விடை தேடினோம். சதீஷ் தவனைப் பற்றிய செய்திகள் அப்பொழுது எங்களுக்குத் துணை நின்றன. அமெரிக்காவில் பட்டம் பெற்று 1951-இல் கழகத்தின் வானூர்திப் பொறியியல் துறையில் சேர்ந்தவர் அவர். 1962 முதல் 1981 வரை இயக்குநராக இருந்தார். 1972-இல் நாட்டின் விண்வெளித் திட்டத்தை ஏற்று நடத்தும்படி அரசு வேண்டியபொழுது, கழகத்தை விட்டு நீங்காமலே இரண்டு பொறுப்புகளையும் தாங்கினார். 1979 ஆகஸ்டில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட எஸ்.எல்.வி.-3 ஏவுகலம் கடலில் வீழ்ந்தது. திட்டத்தின் இயக்குநராக இருந்தவர் இராமேசுவரத்தின் அப்துல் கலாம். செய்தியாளர் முன்னிலையில் தவனே வந்து நின்று, தோல்விக்குத் தாமே பொறுப்பு என்று ஏற்றார். 1980 ஜூலையில் ஏவுகலம் வெற்றி பெற்றபொழுது, செய்தியாளரைச் சந்திக்குமாறு கலாமை முன்னே அனுப்பினார். கலாம் இந்நிகழ்ச்சியைப் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். பழி கீழ்நோக்கியும் புகழ் மேல்நோக்கியும் பாய்வதையே அலுவலகங்களில் கண்டு பழகிய எங்களுக்கு, இது ஏவுகலத்தினும் பெரிய சாதனையாகத் தோன்றியது. தோல்வியைத் தாங்கும் இடத்தில்தான் புதியது பிறக்கும். இத்தகைய இடத்தில் நம் பிள்ளை சில ஆண்டுகள் இருப்பது வீணாகாது என்ற எண்ணம் அன்று வலுப்பெற்றது.

தவன் இயக்குநராக இருந்த காலத்திலேயே, 1974-இல், அமுல்ய ரெட்டி என்னும் வேதியியல் பேராசிரியர் கிராமங்களுக்கான அறிவியல் பணியைத் தொடங்கினார். ‘அஸ்த்ரா’ என்பது அதன் சுருக்கப் பெயர். நகரத்தின் உயர்ந்த கூடத்தில் அமர்ந்திருந்தோர் கர்நாடகத்துச் சிற்றூர்களுக்குச் சென்று, மக்கள் விறகிற்கும் தண்ணீருக்கும் எவ்வளவு நேரம் செலவிடுகிறார்கள் என்று கணக்கெடுத்தனர். குறைந்த விறகில் எரிந்து, புகையைக் குழாய் வழியே வெளியேற்றும் அடுப்பையும், சாண எரிவாயுக் கலன்களையும் அவர்கள் வடிவமைத்தனர். இச்செய்தியை மகள் தன் அப்பத்தாவிடம் சொன்னாள். நாற்பது ஆண்டுகள் விறகடுப்பின் முன் அமர்ந்து கண் கலங்கியவர் அவர். சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

“அடுப்பைப் பத்தி யோசிக்கக்கூட அங்கன ஆளு இருக்காகளா?” என்றார்.

“இருந்தாங்க அப்பத்தா. இன்னமும் அந்த மாதிரி வேலைக்குன்னு தனித் துறையே இருக்கு.”

“அப்பப் போத்தா. ஆனா கல்யாணப் பேச்சை நான் விட்டுட்டேன்னு மட்டும் நினைச்சுக்காதே.”

மகள் ஆகஸ்டு மாதத்தில் கழகத்தில் சேர்ந்தாள். கடனின் தவணைக் காலத்தை நீட்டித்துக்கொண்டோம். அவளுடைய ஏழாண்டு முயற்சி என்ன தரும் என்பதை இன்று சொல்ல இயலாது. ஆராய்ச்சியின் இயல்பு அதுவே. விடுதியிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வீட்டிற்கு வரும்பொழுது, சோதனை மூன்றாம் முறையும் பொய்த்தது என்று சொல்லிச் சிரிக்கிறாள். நாங்கள் சிரிப்பதில் பாதி அவளுக்காக. மீதிப் பாதியில் கவலை கலந்தே இருக்கிறது.

கழகத்தின் நோக்கம் யாது என்று ஒருவர் கேட்டால், நாங்கள் அறிந்த அளவில் நான்கு சொல்வோம். புதிய அறிவைத் தேடுதல். தேடுவதற்கு இளைஞர்களைப் பழக்குதல். சந்தனத் தைலத்தைப் போல் நாட்டின் தொழிலுக்குத் துணை நிற்றல். புகையில்லா அடுப்பைப் போல் எளியோரின் துன்பத்திற்கு வழி காணுதல். இந்நான்கில் ஏதேனும் ஒன்றை விட்டுவிட்டால் மற்ற மூன்றும் மெலியும். 2011 முதல் அங்கே இளநிலைப் பட்டப் படிப்பும் நடைபெறுகிறது. 2018-இல் அரசு அதனைச் சீர்மிகு நிறுவனங்களுள் ஒன்றாக அறிவித்தது. பல்கலைக்கழகங்களின் தேசியத் தரவரிசையில் 2016 முதல் பல ஆண்டுகள் தொடர்ந்து அது முதலிடம் பெற்றிருக்கிறது. எனினும் அங்கே இடம் பெறுவோர் மிகச் சிலரே. அது மக்களின் வரிப்பணத்தில் இயங்குகிறது. ஆதலால் இடம் பெறாதவர்க்கும் அதில் பங்குண்டு. ஆண்டிற்கு ஒருநாள் அதன் வாயில்கள் பொதுமக்களுக்குத் திறக்கப்படுகின்றன. காற்றுச் சுரங்கத்தையும், நீர்ம நைட்ரசனில் தோய்த்த மலர் கண்ணாடிபோல் நொறுங்குவதையும் சிறுவர்கள் கண்ணாரக் காணலாம். சங்கத்து அன்பர்கள் தம் மக்களை அன்று அழைத்துச் செல்ல வேண்டுகிறோம். எதைப் படித்தால் எவ்வளவு ஊதியம் என்று மட்டும் கேட்டு வளரும் பிள்ளைகள், எதை அறிய வேண்டும் என்று கேட்போரையும் ஒருநாளாவது காண்பது நல்லது.

கடைசியாக ஒன்று. அக்கழகத்தின் முதன்மைக் கட்டடத்திற்கு எதிரே டாடாவின் சிலை நிற்கிறது. அவர் உயிரோடிருந்து காணாத கட்டடத்தை அச்சிலை காண்கிறது. சேஷாத்ரி ஐயரும் அதனைக் காணாமலே 1901-இல் மறைந்தார். கல்விக்குக் கொடுப்பவர்கள் விளைச்சலைத் தம் கையால் அளந்துபார்க்கும் உரிமையைக் கேட்பதில்லை. மாதச் சம்பளக்காரர்களாகிய நம்மால் முப்பது லட்சமும் முந்நூற்றெழுபத்தொரு ஏக்கரும் கொடுக்க இயலாது. நம்மால் இயன்றது, வீட்டில் ஒரு பிள்ளைக்குச் சில ஆண்டுகளைக் கொடுப்பது. எங்கள் கொடை அவ்வளவே. எனினும் ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி, தவணைப் பணம் வங்கிக் கணக்கிலிருந்து கழிக்கப்படும்பொழுது, அதை நாங்கள் மனமறிந்தே கொடுக்கிறோம்.